ஸ்டிக்கரில் ஒன்று, உள்ளே நாற்பத்தெட்டு

8 அக்டோபர், ஞாயிறு

இன்று பின்பக்கத்தில் குண்டு பட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. இதை எங்கேயாவது எழுதிவைத்தால்தான் மனசு ஆறும்.

மூங்கில் புதருக்குப் பின்னால் குத்தவைத்திருந்தேன். சுளீரென்று ஒன்று. பிளாஸ்டிக் குண்டுதான், ஆனாலும் எரியும். ஏர்சாஃப்ட் என்ற இந்தப் பொம்மைத் துப்பாக்கி ஆட்டத்தில் நடுவர் பார்த்துச் சொல்வதில்லை. பட்டவரே கையைத் தூக்கி ‘ஹிட்’ என்று கத்திவிட்டு வெளியே போக வேண்டும். பட்டும் கத்தாதவரை நடைப்பிணம் என்போம். பதினோரு வருஷமாக இந்தச் சீபா மாகாணத்து நடைப்பிணங்கள் அத்தனை பேரையும் கேலி செய்த வாய் என்னுடையது. ஆனால் ஐம்பத்திரண்டு வயதுப் பொம்பளை, அதுவும் அந்த இடத்தில்! கம்மென்று இருந்துவிட்டேன். அடுத்த குண்டு தோளில் பட்டதும் ரொம்ப கௌரவமாக “ஹிட்!” என்று கத்திவிட்டு வந்தேன்.

மதிய ஆட்டத்துக்கு முன் பலகை வீட்டுக்குள் நின்றபோது மினெகிஷி தன் துப்பாக்கியில் புதிதாக மாட்டிய பச்சை லேசரைக் காட்டினார். நகராட்சியில் சாலைப் பிரிவு. காட்டுக்கு வரும்போதும் காலருக்கு இஸ்திரி போட்டிருப்பார். கொசுவர்த்திப் புகையில் அந்தப் பச்சைக் கோடு நூல் பிடித்ததுபோல இருந்தது.

“கட்சுயோ அக்கா, இங்க பாருங்க, கோடு தெரியுதா?”

பார்த்தேன். நேராக வலது கண்ணில் விழுந்தது.

“யோவ், ஓசியில கண் ஆபரேஷன் பண்றியா?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் கண்ணாடிக் கவசம் போட்டிருந்தோம். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும்தான்.

9 அக்டோபர், திங்கள்

இந்த நோட்டில் கோடுகள் நடுவில் அறுந்திருக்கின்றன. கடையில் மாற்றித் தரச் சொல்ல வேண்டும்.

10 அக்டோபர், செவ்வாய்

நோட்டில் குறை இல்லை.

சிவப்பு விளக்கில் நின்றபோது இடது கண்ணை மூடிப் பார்த்தேன். முன்னால் நின்ற காரின் நம்பரைக் காணோம். தகடு இருக்கிறது. நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் யாரோ கட்டைவிரலை வைத்த மாதிரி. பின்னால் என் மிக்ஸர் லாரியில் பத்து டன் ஈரக் கான்கிரீட் சுற்றிக்கொண்டிருக்கிறது.

12 அக்டோபர், வியாழன்

கண் டாக்டர் என்னைவிட இருபது வயது சின்னவள். விழித்திரையின் நடுவில் தீக்காயம் என்கிறாள். படத்தையும் காட்டினாள். ஆரஞ்சுப் பழத்தில் சிகரெட் வைத்துச் சுட்ட மாதிரி.

“நான் கவசம் போட்டிருந்தேனே டாக்டர்.”

“அது வழியா உங்களுக்கு ஆள் தெரிஞ்சாங்களா?”

“நல்லாத் தெரிஞ்சாங்க.”

“அப்ப அந்த வெளிச்சமும் நல்லாத்தான் உள்ள வந்திருக்கும். அது குண்டைத்தான் தடுக்கும்.”

பதினோரு வருஷம் அந்தக் கவசத்தைத் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தேன். லேசர் சிரமமில்லாமல் போகட்டும் என்று.

“களிம்பு ஏதாவது?” என்று கேட்டேன். இல்லையாம். சிலருக்குச் சில மாசத்தில் கொஞ்சம் தெளியுமாம், சிலருக்கு அப்படியே நின்றுவிடுமாம். வலிக்கவே இல்லையே என்றேன். அந்த இடத்துக்கு வலி தெரியாதாம். நல்ல இடமாகப் பார்த்துத்தான் சுட்டிருக்கிறான்.

அடுத்த மாசம் என் பிறந்தநாள். லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். பெரிய வண்டிக்கு இரண்டு கண்ணையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள், தூரம் கணிக்கும் சோதனையும் உண்டு. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். லாரியை விட்டால் எனக்கு என்ன தெரியும்?

15 அக்டோபர், ஞாயிறு

ஆடப் போகவில்லை. சண்டை போடப் போனேன்.

மைதான முதலாளி அகுட்சு தினமும் காலையில் ஒவ்வொரு துப்பாக்கியையும் வேகம் அளக்கும் கருவியில் சுட்டுப் பார்ப்பார். பாஸான துப்பாக்கிக்கு மஞ்சள் டேப். என் துப்பாக்கியையே ஒரு தடவை துளி வேகம் கூடிவிட்டது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். அவ்வளவு கறார்.

“லேசரை எதுல அளந்தீங்க?”

“அதுல ஸ்டிக்கர் இருக்குல்ல. வெளிச்சத்தோட பலம் ஒரு மில்லிவாட்டுக்குக் கீழன்னு போட்டிருந்துச்சு. அரசாங்க முத்திரைகூட இருந்துச்சு.”

“துப்பாக்கியில ‘மெதுவா சுடும்’னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக் கொண்டாந்தா உள்ள விடுவீங்களா?”

தலை குனிந்தார். அகுட்சு தலை குனிந்தால் நன்றாகவே குனிவார், வழுக்கையில் முகம் பார்க்கலாம்.

மினெகிஷி சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. “நீங்களும் பாத்தீங்களே அக்கா” என்றான். பாத்தீங்களே! பாருன்னு சொன்னது யாருடா? நான் என்ன, வானத்து நிலாவையா பார்த்தேன்? மற்றவர்கள் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏற்கெனவே கட்டியிருந்த நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமையைக் கெடுக்க ஒருத்தி வந்துவிட்டாள், அவ்வளவுதான்.

19 அக்டோபர், வியாழன்

மினெகிஷி எங்கள் கான்கிரீட் ஆலை வாசலுக்கு வந்தான். கோட்டு, டை, கையில் பளபளக் காகிதம் சுற்றிய அரிசி பிஸ்கட் டப்பா. ஒரு கண்ணுக்கு இருபத்து நாலு பிஸ்கட்.

“டப்பாவை நீயே வச்சுக்க. லேசரைக் குடு.”

“அதை எதுக்குங்க... அப்புறம் விஷயம் பெருசாயிடும். நான் கவர்மெண்ட் ஆளு...”

“நாளைக்கு லோடோட உன் ஆபீஸ் வாசல்ல வந்து நிப்பேன். கான்கிரீட் இறுகாம ஒன்றரை மணி நேரம் தாங்கும். அதுக்குள்ள யோசிச்சுச் சொல்லு.”

காரிலேயே வைத்திருந்திருக்கிறான். எடுத்துக் கொடுத்தான். பிஸ்கட் டப்பாவையும் வைத்துவிட்டுப் போனான். பிரிக்கவில்லை. ஆலைப் பையன்களுக்கும் கொடுக்க மாட்டேன். புழுத்துப் போகட்டும்.

27 அக்டோபர், வெள்ளி

மாகாணத் தொழில் ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்துச் சொல்கிறார்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். போனேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட பெரியவர் ஒருவர் லேசரை ஒரு வட்டத் தட்டின் மேல் அடித்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் அடித்தார்.

நாற்பத்தெட்டு.

ஸ்டிக்கரில் ஒன்று, உள்ளே நாற்பத்தெட்டு. முத்திரையும் போலி. ஸ்டிக்கரை எவன் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்றார். எனக்கு அந்த மேஜையைத் தூக்கி எறிய வேண்டும் போலிருந்தது.

போகிற போக்கில் இருக்கட்டும் என்று என் துப்பாக்கியில் இருக்கும் சின்னச் சிவப்பு லேசரையும் கழற்றிக் கொண்டுபோயிருந்தேன். நல்லதுக்கும் கெட்டதுக்கும் வித்தியாசம் தெரியட்டும் என்று. அதிலும் ஒன்று என்றுதான் போட்டிருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் இணையத்தில் தள்ளுபடியில் வாங்கியது.

பதினொன்று.

“இதை யார் மேலயும் அடிச்சிருக்கீங்களா?” என்று கேட்டார்.

அடித்திருக்கிறேன். மூக்கில், நெற்றியில், தூங்குகிறவன் முகத்தில். சிரித்துக்கொண்டே. எத்தனை பேர் கண்ணில் பட்டதோ, யாருக்குத் தெரியும்? குண்டு பட்டால் எரியும், கத்துவான். இது பட்டவன் எதை வைத்துக் கத்துவான்?

வீட்டுக்கு வந்ததும் சோறு வைக்கவில்லை. அவன்மேல் இருந்த கோபம் குறையவில்லை. என் பங்குக்கும் சேர்ந்து இரண்டாகிவிட்டது.

5 நவம்பர், ஞாயிறு

காலையில் எல்லோரும் வரிசையில் நின்று விதிமுறை கேட்கும்போது முன்னால் போய் நின்றேன். “தனியாப் பேசிக்கலாம் கட்சுயோ” என்று அகுட்சு கிசுகிசுத்தார். “தனியாப் பேசத்தான் பதினஞ்சாந் தேதி வந்தேன்” என்றேன்.

நாற்பத்தெட்டைச் சொன்னேன். மினெகிஷி தன் பூட்ஸைப் பார்த்தான். பிறகு பதினொன்றையும் சொன்னேன்.

பழைய ஆள் தொகிதா, “அக்கா, என் மூஞ்சியில நீ அடிக்காத வாரம் உண்டா?” என்றான். கேலியாகத்தான் ஆரம்பித்தான். பாதியில் குரல் இறங்கிவிட்டது. ஒரு கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மைதானத்துப் பெயர்ப்பலகையைப் பார்த்தான். பிறகு அடுத்த கண்ணை. பக்கத்தில் நின்றவனும் பொத்தினான். கொஞ்ச நேரத்தில் இலைச் சட்டை போட்ட முப்பது பேர் ஒற்றைக் கண்ணால் அந்தப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

தொகிதாவுக்கு எல்லா எழுத்தும் தெரிந்ததாம். இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

அகுட்சுவும் பொத்திப் பார்த்தார். லேசரை அளக்கும் கருவி வாங்கிப் போடுகிறேன், அதுவரை ஒரு லேசரும் உள்ளே வராது என்றார். பதினைந்தாம் தேதியே சொல்ல வேண்டியதை இன்றைக்குச் சொல்கிறார். நன்றி சொல்லவில்லை.

21 நவம்பர், செவ்வாய்

வலது கண் தேறவில்லை. லைசென்ஸுக்கான தூரச் சோதனையில் பெட்டிக்குள் மூன்று குச்சி. நடுக்குச்சி நகரும், மூன்றும் ஒரே வரிசைக்கு வரும்போது பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினேன். மறுபடி செய்யச் சொன்னார்கள். மறுபடி அழுத்தினேன். அந்த அதிகாரி ரொம்ப மரியாதையாகப் பேசினார். அப்போதே தெரிந்துவிட்டது.

கார் ஓட்டலாம். லாரி கூடாது. இருபத்தாறு வருஷம்.

ஆலையில் திங்கள் முதல் எனக்கு மிக்ஸர் கழுவும் வேலை. என் பழைய வண்டியையும் சேர்த்து.

10 டிசம்பர், ஞாயிறு

அகுட்சு வாசலில் எனக்கு ஒரு மேஜை போட்டுக் கொடுத்திருக்கிறார். மேஜைமேல் கருவி. வருகிறவர்கள் லேசரைக் கொடுக்க வேண்டும், நான் அளப்பேன். இன்று பதினாலு வந்தது. தேறியது ஐந்து. தேறாததில் ஒன்று அகுட்சுவுடையது. “ஸ்டிக்கரைப் பாரு கட்சுயோ” என்றார். பார்த்துவிட்டு, மற்றவற்றோடு பெட்டியில் போட்டுப் பூட்டினேன்.

மினெகிஷியும் வந்தார். லேசர் இல்லை. துப்பாக்கியில் அதை மாட்டும் கம்பியையே கழற்றி எடுத்துவிட்டிருக்கிறார். குனிந்து வணங்கினார். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அதற்குமேல் எனக்கு வராது.

மதியம் எப்போதும்போல எல்லோருக்கும் சோறும் கறிக் குழம்பும். பரிமாறும் பெண் வரவில்லை, நான் கரண்டியை எடுத்தேன். மினெகிஷி தட்டை நீட்டினார். பெரிய கரண்டி நிறையச் சூடான குழம்பை அள்ளி ஊற்றினேன். தட்டு நான் நினைத்த தூரத்தில் இல்லை. அவருடைய தொடை இருந்தது. வேண்டுமென்றே செய்யவில்லை என்று சொன்னேன். தெரியும் அக்கா என்றார். கொஞ்ச நேரம் குழாயடியில் நின்றார். உருளைக்கிழங்கு ஒன்று மட்டும் தட்டில் விழுந்திருந்தது, அதைச் சாப்பிட்டார்.