இடது கைக்குப் பதிலாக ஒரு வீல்

14 அக்டோபர் 2024, திங்கள்

கம்பெனி பஸ் படியில் வழுக்கி விழுந்து மூன்று நாள் ஆகிறது. இடது கையில் மாவுக்கட்டு. ஆறு வாரம் என்றார் டாக்டர். ஷூ தையலில் குறை பார்த்து சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற என் வேலைக்கு ஒரு கை போதும். கீபோர்டுக்கு? நவம்பர் பத்தாம் தேதி எங்கள் மாதனூர் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. ஒன்பது வருஷமாக நான்தான் வாசிக்கிறேன்.

மாலையில் பாடகர் குழுத் தலைவி அமிர்தவள்ளி அக்கா பார்க்க வந்தார். ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, "கோச்சிக்காத ஷர்மிளா, இந்தவாட்டி டிராக் போட்டுக்கலாம்னு இருக்கோம். பென் டிரைவ்ல எல்லாம் ரெடியா இருக்கு" என்றார். சிரித்து வைத்தேன். அவர் போனதும் அழுதேன்.

பதிவு செய்த இசையோடு பென் டிரைவ் ஒருமுறை சர்ச்சுக்குள் வந்துவிட்டால் போகாது. கிறிஸ்துமஸுக்கும் அதுதான், ஈஸ்டருக்கும் அதுதான். எனக்குக் கீபோர்டு முன்னால் இருக்கிற அந்த ஸ்டூல் வேண்டும். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் வேண்டும்.

17 அக்டோபர், வியாழன்

கீபோர்டின் இடது ஓரத்தில் ஒரு சின்ன வீல் இருக்கிறது. இத்தனை வருஷம் அதைத் தூசி துடைக்க மட்டும் தொட்டிருக்கிறேன். கீபோர்டை லேப்டாப்பில் இணைத்தால், அதில் ஒலியை உருவாக்குகிற சிந்தசைசர் மென்பொருளில் ஒரே ஒலிக்கு இரண்டு நிலை வைக்கலாமாம். வீல் கீழே இருந்தால் ஒன்று, மேலே போனால் இன்னொன்று, நடுவில் ஒன்று மற்றொன்றாக மெல்ல மாறிக்கொண்டே போகும். வீடியோவில் பார்த்தேன்.

கட்டுக்கு வெளியே விரல் நுனிகள் இருக்கின்றன. கட்டையை அழுத்த முடியாது. வீலைத் தள்ள முடியும்!

20 அக்டோபர், ஞாயிறு

கீழே ஆர்மோனியம் மாதிரி ஒற்றை நாதம். மேலே வயலின் கூட்டமும் அடியில் கனமான பேஸும். இடது கை செய்ய வேண்டியதை எல்லாம் மேல் நிலைக்குள் வைத்துவிட்டேன். வலது கை வாசிக்க வாசிக்க வீலைத் தள்ளினால் அறையே பெரிதாகிறது. என் வீட்டுக்காரர் இன்பராஜ் வாசலில் நின்று கேட்டார். "ஒரு கையால தோசை திருப்ப மாட்டேங்குற, இதுக்கு மட்டும் வருது" என்றார். கட்டிக்கொண்ட பாவத்துக்கு இரண்டு தடவை கைதட்டவும் செய்தார்.

26 அக்டோபர், சனி

மானம் போயிற்று.

ரிகர்சலில் முதல் பாட்டு நன்றாகப் போனது. ஜெபத்துக்காக வீலை முழுதும் கீழே இறக்கினேன். கீச்சென்று ஒரு சத்தம், காதைக் குத்துகிற மாதிரி. வீட்டில் அந்தக் கூர்மையை எல்லாம் குறைத்தேனே? குறைத்துச் சேமித்தும் வைத்தேனே? மறுபடி இறக்கினேன், மறுபடி கீச். சின்னப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"ஜெபத்துல இந்த மாரி கத்துச்சுன்னா இன்னா பண்றது ஷர்மிளா?" என்றார் அக்கா. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த சனிக்கிழமை ஒருமுறை பார்க்கலாம், சரிவராவிட்டால் டிராக்தான் என்றும் சொல்லிவிட்டார். ஊரார் ஷூவுக்கெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டுகிறேன், என் நெற்றியில் யார் ஒட்டுவது?

28 அக்டோபர், திங்கள்

சாப்பாட்டு நேரத்தில் குர்ஷித்திடம் புலம்பினேன். கம்ப்யூட்டரில் ஷூ பேட்டர்ன் போடுகிறவள். சங்கீதத்துக்கும் அவளுக்கும் சம்பந்தம் கிடையாது.

"திருத்தும்போது வீல் எங்க இருந்துச்சு?"

"மேலே. பெரிய சத்தத்தைத்தான் முதல்ல சரி பண்ணேன்."

அவள் சிரித்துவிட்டாள். "நாங்க சின்ன சைஸுக்கும் பெரிய சைஸுக்கும் பேட்டர்ன் வெச்சுட்டா நடு சைஸுங்க தானா வந்துடும். நீ பெரிய சைஸ மட்டும் திருத்திட்டு, சின்னது ஏன் பழசாவே இருக்குன்னு பேஜார் ஆவுற."

அவ்வளவுதான் விஷயம். வீல் மேலே இருக்கும்போது எதை மாற்றினாலும் அது மேல் நிலைக்கு மட்டும்தான் போகிறது. கீழ் நிலையை நான் தொடவே இல்லை. வீடு வந்து வீலை அடிவரை இறக்கி, கூர்மையைக் குறைத்து, சேமித்தேன். கீழே மெத்தென்று இருக்கிறது. அப்பாடா.

2 நவம்பர், சனி

ரிகர்சலில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் காணிக்கை ஊர்வலத்துக்கு மட்டும் பென் டிரைவ்தானாம். "அது ரொம்ப நேரம் ஆவும், உன் கை தாங்காது" என்றார் அக்கா. அக்கறையா, அவநம்பிக்கையா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். தலையாட்டிவிட்டு வந்தேன்.

10 நவம்பர், ஞாயிறு

இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

ஊர்வலம் தொடங்கியது. நெல், பூசணி, கரும்பு, கோழி என்று ஒவ்வொருவராகப் பீடத்துக்கு வந்தார்கள். பென் டிரைவ் பாடிக்கொண்டிருந்தது. கடைசியில் சாமுவேல் அண்ணன் ஒரு கிடாவோடு வந்தார். கிடா பாதி வழியில் நின்றது. இழுத்தார், உட்கார்ந்துகொண்டது. டிராக் முடிந்தது.

சர்ச் முழுக்க அமைதி. கயிற்றைப் பிடித்தபடி அண்ணன் முகம் சிவந்து நிற்கிறார். பின் பெஞ்சில் சிரிப்பு கிளம்புகிறது. அக்கா பென் டிரைவைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார்.

நான் யாரையும் கேட்கவில்லை. வீல் அடியில் இருந்தது. அதே பாட்டைத் தாழ்ந்த ஒற்றை நாதத்தில் ஆரம்பித்தேன். கிடா எழுந்திருக்கும் வரை அதிலேயே இருந்தேன், அவசரப்படவில்லை. அது எழுந்தது. அண்ணன் ஓரடி வைத்தார், நான் வீலை ஒரு துளி தள்ளினேன். இன்னும் ஓரடி, இன்னும் ஒரு துளி. சனங்கள் தாமாகவே பாட ஆரம்பித்தார்கள். அண்ணன் பீடத்தைத் தொட்டபோது வீல் உச்சியில் இருந்தது, பேஸ் தரையில் அதிர்ந்தது. அவர் அழுதுகொண்டிருந்தார். நானும்தான்.

கை தாங்கியது.

24 நவம்பர், ஞாயிறு

வெள்ளிக்கிழமை கட்டைப் பிரித்தார்கள். மணிக்கட்டு மரம் மாதிரி இருக்கிறது. முழுதாக வாசிக்க இன்னும் இரண்டு மாதம் ஆகுமாம்.

ஆராதனை முடிந்து அமிர்தவள்ளி அக்கா வீட்டுக்கு வந்தார். அதைச் சொன்னேன். "ஆவட்டும், இப்ப யாரு உன்ன அவசரப்படுத்துனா?" என்று பையிலிருந்து கிறிஸ்துமஸ் பாட்டுத் தாள்களை எடுத்து என் மடியில் வைத்தார். ஒரு பென்சிலையும் கொடுத்தார்.

"எங்கெங்க வீல ஏத்துவ, எங்க இறக்குவன்னு ஒவ்வொண்ணுலயும் போட்டுக் குடு. நாங்க அதுக்கேத்த மாரி மூச்சு எடுத்துக்குறோம்."

பதினோரு பாட்டு. அவர் இரண்டு டம்ளர் காபி குடித்து முடிக்கும் வரை உட்கார்ந்து, எல்லாவற்றிலும் குறித்துக் கொடுத்தேன்.