இருக்கிற கொஞ்சம்

அன்புள்ள தம்பிக்கு,

தையற்கூடத்தில் என்னை வெட்டுமேசையிலிருந்து பொத்தான் தைக்கும் நாற்காலிக்கு மாற்றிவிட்டார்கள். வசதிதான். துணிக்கட்டைத் தூக்கினாலே களைத்துப்போகிறது.

அதனால் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். நுரையீரலைக் காக்கும் ஒரு புரதம் என் ரத்தத்தில் பிறவியிலேயே குறைவாம்.

"சிகரெட் புகை பட்டா, இருக்கிற கொஞ்சமும் வேலை செய்யாதும்மா" என்றார் டாக்டர்.

"நான் அதைத் தொட்டதே இல்லையே!"

"அதனாலதான் இந்த அளவோட தப்பிச்சீங்க. கூடப் பிறந்தவங்க யாராவது பிடிக்கிறாங்களா? அவங்களுக்கும் இது இருக்கலாம்."

போன வாரம் போனில் நீ இருமிவிட்டு, "வெறும் தூசுதான்க்கா" என்றாய். நானும் தூசு என்றே வைத்துக்கொண்டேன்.

போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். உன்னைத் திருத்த எனக்குத் தெம்பில்லை. நீ பாக்கெட்டை ஒளித்து வைப்பதும் நான் தேடியெடுத்து எறிவதுமாக நாம் போட்ட சண்டை போதும். ஒரே ஒரு தடவை வந்து ரத்தம் கொடு. திங்கட்கிழமை உனக்கும் சேர்த்து நேரம் வாங்கிவிட்டேன்.

திட்டுவதென்றால் நேரில் வந்து திட்டு. இடையில் எனக்கு மூச்சு வாங்கினால் மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள். பதிலுக்கு நானும் திட்ட வேண்டாமா?

உன் அக்கா