பெட்ரோல் மூடிக்குக் காது குத்தினோம்

என் பிரியமான மாமா,

வண்டி ஓடுகிறது. நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நீங்கள் இருக்கிற இடத்தில் கையைப் பிசைந்துகொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருப்பீர்கள். வழியில் நிற்காமல், தள்ளாமல், ஈரத்துணி போடாமல் ஓடுகிறது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு நம் கதை தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களால் குறுக்கே பேச முடியாது என்பதால் இந்த ஒரு தடவை நான் சொல்வதுதான் கதை.

நீங்கள் என் அக்கா செல்வியின் கணவர். திருமழிசை எஸ்டேட்டில் லேத் பட்டறையில் டர்னர். நான் அம்பத்தூரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். பூந்தமல்லியில் ஒரு பழைய பங்களாவை இடிக்கிறார்கள், பின்னால் கொட்டகையில் கூரையில்லாத கார் ஒன்று கிடக்கிறது என்று யாரோ சொன்னார்கள். பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர், கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து பருத்திப்பட்டு வீட்டு வாசலில் நிறுத்திவிட்டீர்கள். இரண்டு கதவு, வெளுத்துப்போன பச்சை நிறம். மடக்கி விரிக்கிற துணிக்கூரை இருந்த இடத்தில் வெறும் கம்பிகள். சீட்டுக்குள் எலிக் குடும்பம். அக்கா கையில் கரண்டியோடு வெளியே வந்து பார்த்தாள்.

"இன்னாய்யா இது, மேல ஒண்ணியும் காணோம்?"

"காத்து வாங்கினு போலாம் செல்வி."

"காத்து வாங்க பஸ்ஸு கீது."

அன்று முதல் அவளுக்கு அது சக்களத்தி. அதற்கப்புறம் அவள் அந்த வண்டியைத் தொட்டதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் நீங்களும் நானும் அதன் அடியில்தான் படுத்திருப்போம். டீ வரும், கூடவே திட்டும் வரும்.

இஞ்சின் முழுக்க உங்கள் கை, வயரிங் முழுக்க என் கை. துணிக்கூரையைத் தைத்துக் கொடுத்தவர் பூந்தமல்லி சீட் கவர் கடை பாய். பெட்ரோல் டேங்குக்கு மட்டும் மூடி இல்லை. பழைய ஆட்கள் ஒரு கந்தல் துணியைச் சுருட்டி அடைத்து வைத்திருந்தார்கள். உங்களுக்கு அது பொறுக்கவில்லை. பட்டறையில் பித்தளையில் ஒரு மூடி கடைந்து எடுத்து வந்தீர்கள். விரல் வழுக்காமலிருக்க ஓரமெல்லாம் வரி வரியாகச் செதுக்கி, உள்ளே ரப்பர் வாஷர் வெட்டிப் போட்டு, திருகினால் ஒரு சொட்டுக்கூடக் கசியாத மூடி. அக்கா அதற்குக் கூஜா மூடி என்று பேர் வைத்தாள். நீங்கள் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் அதைத்தான் முதலில் காட்டினீர்கள், இஞ்சினைக்கூட அப்புறம்தான்.

பிறகு திருமழிசைக்கு வண்டியைக் கிளப்பினோம். முதலில் ஜோராகத்தான் போனது. காடுவெட்டி தாண்டி, சென்னீர்குப்பம் டீக்கடை வரும்போது ஒரு இருமல், ஒரு தும்மல், அவ்வளவுதான், நின்றுவிடும். அடுத்த வாரமும் அதே இடம். அதற்கு அடுத்த வாரமும் அங்கேதான். டீக்கடைக்காரர் நம்மைத் தூரத்தில் பார்த்ததும் பாலை அடுப்பில் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்.

பெட்ரோல் சூட்டில் ஆவியாகிப் போகிறது, அதனால் பம்ப் இழுக்கவில்லை என்பது உங்கள் கட்சி. காயில் சூடாகி ஸ்பார்க் சாகிறது என்பது என் கட்சி. கரண்ட் வேலை பார்க்கிறவனுக்குக் காண்பதெல்லாம் கரண்ட். நான் காயிலை மாற்றினேன், கண்டன்சரை மாற்றினேன், ஒயரைக்கூடப் புதிதாக இழுத்தேன். நின்றது. "யாருக்குக் காது குத்துற மச்சான்?" என்று கேட்டுச் சிரித்தீர்கள்.

நீங்கள் செய்கிற வைத்தியம் எப்போதும் ஒன்றுதான். இறங்குவீர்கள். ஓரத்தில் கிடக்கிற வேப்பங்குச்சியை எடுத்து, மூடியைத் திருகி, டேங்குக்குள் விட்டுப் பார்ப்பீர்கள். பெட்ரோல் காட்டுகிற முள்தான் செத்துக் கிடந்ததே. "கீது மச்சான், பெட்ரோல் கீது" என்பீர்கள். மூடியைத் திருகி மூடிவிட்டு, துண்டை நனைத்துப் பம்ப் மேல் போட்டு, டீ சொல்வீர்கள். டீ முடிந்து சாவியைத் திருப்பினால் வண்டி எதுவுமே நடக்காத மாதிரி உறுமும். "பாத்தியா? துணி" என்பீர்கள்.

அப்படியே நின்று நின்று திருமழிசை வரை போயிருக்கலாம்தான். நீங்கள்தான் சம்மதிக்கவில்லை. பட்டறை கேட் முன்னால் வந்து ஹாரன் அடிக்கிறேன் என்று கூட வேலை செய்கிறவர்களிடம் வாய் விட்டிருந்தீர்கள். துணி போட்டு எழுப்பின வண்டியோடு அங்கே போய் நிற்க உங்களுக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் சென்னீர்குப்பத்தோடு திரும்பினோம்.

அப்புறம் ஒரு காலையில் நெஞ்சு கரிக்கிறது என்று நீங்களே நடந்து போய் ஆட்டோ ஏறினீர்கள். வண்டியை எடுக்கட்டுமா என்று நான் கேட்டதற்கு, "வாணாம் மச்சான், வழில நின்னுடும்" என்று சிரித்தீர்கள். நீங்கள் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அதுதான். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

அக்கா இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறாள். வியாபாரம் நன்றாக இருக்கிறது, இன்னொரு பெரிய கிரைண்டர் வைக்க வாசலில் இடம் வேண்டும். அந்த நேரம் பார்த்து வானகரத்திலிருந்து ஒருவர் வண்டியை விலைக்குக் கேட்டு வந்தார். கல்யாண மண்டபங்களுக்கு அலங்காரம் செய்கிறவராம். இஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே பூ நிரப்பி, மண்டப வாசலில் நிறுத்தி வைப்பாராம். பொண்ணும் மாப்பிள்ளையும் அதில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வார்களாம். எனக்கு ரத்தம் கொதித்தது. இஞ்சினைக் கழற்ற நீ யார்? அவர் போனபிறகு அக்காவிடம் சண்டைக்குப் போனேன்.

"ஓடாத வண்டி எதுக்குடா? பாத்து பாத்து அழுவறதுக்கா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள். "திருமழிசை போயிட்டு வா. வழில நிக்காம போயிட்டு நிக்காம வரணும். வந்தா வண்டி இங்கியே கெடக்கட்டும். நின்னுச்சுன்னா அந்தாளு எடுத்துக்கினு போட்டும்."

சவால் விட்டால் விடுகிற ஆளா நான்? முதல் வேலையாக அந்தச் செத்த முள்ளுக்கு உயிர் கொடுத்தேன். டேங்குக்குள் மிதவை மாற்றி, ஒயர் புதிதாகப் போட்டு, முள் பாதிக்கு மேல் ஏறி நின்றபோது எனக்கு இருந்த பெருமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குச்சி விட்டுப் பார்க்கிற காலம் முடிந்தது என்று நினைத்தேன்.

கிளம்பினேன். அதே சென்னீர்குப்பம், அதே இருமல். முள்ளைப் பார்த்தேன், பெட்ரோல் இருக்கிறது. துண்டை நனைத்துப் போட்டேன், டீ குடித்தேன், சாவியைத் திருப்பினேன். கிளம்பவில்லை. இன்னொரு டீ. கிளம்பவில்லை. உங்களுக்குக் கிளம்பின வண்டி எனக்கு ஏன் கிளம்பவில்லை? டீக்கடைக்காரர் உங்களைப் பற்றி விசாரித்தார். சொன்னேன். சொல்லிவிட்டு அங்கேயே வண்டியில் சாய்ந்து நின்று அழுதேன் மாமா. துக்கம் பாதி, கோபம் பாதி.

கடைசியில் ஒரு ஆட்டோக்காரர் கயிறு கட்டி வீடு வரை இழுத்துக்கொண்டு வந்து விட்டார். விடவில்லை நான். பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், ஸ்பார்க் நீலமாக, நல்லாவே அடிக்கிறது. கார்பரேட்டருக்குப் போகிற குழாயைக் கழற்றி இஞ்சினைச் சுற்றவிட்டேன், ஒரு சொட்டு வரவில்லை. ஆக, கோளாறு கரண்டில் இல்லை, பெட்ரோலில்தான். பாதி ஜெயம் உங்களுக்கு, எழுதியே கொடுத்துவிட்டேன். ஆனால் பம்ப் பச்சைத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்து கிடக்கிறது. ஆவியாவது ஒன்றாவது?

அக்கா மாவுக் கையோடு வந்து பின்னால் நின்றாள்.

"குச்சி உட்டுப் பாத்தியா?"

"எதுக்குக்கா? அதான் முள்ளு காட்டுதே."

"அவரு பாப்பாரு இல்ல?"

எரிச்சலாக வந்தது. நான் பதில் சொல்வதற்குள் அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய், அந்தக் கூஜா மூடியைத் திருகினாள். முதல் தடவையாக அந்த வண்டிமேல் கை வைக்கிறாள். திருகினதும் 'உஸ்' என்று நீளமாக ஒரு சத்தம். காற்று உள்ளே போகிற சத்தம்.

"இன்னாடா இது, மூச்சு வாங்குது?"

கழற்றின குழாயை மாட்டிவிட்டு நான் சாவியைத் திருப்பினேன். கொஞ்சம் இழுத்தது, பிடித்துக்கொண்டது. அக்கா மூடியும் கையுமாக என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் வராது, எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாதா? பெட்ரோல் வெளியே போகப்போக டேங்குக்குள் காற்று போக வேண்டும். நீங்கள் கடைந்த மூடி அதை விடவில்லை. கந்தல் துணி விட்டது, மூடி விடவில்லை. மேலே மூடி இல்லாத வண்டி மாமா, ஒரு மூடியால் மூச்சு முட்டி நின்றிருக்கிறது.

நாம் இரண்டு பேருமே தோற்றோம். அதிலும் உங்கள் தோல்வியைப் பாருங்கள். வேலையைக் கொஞ்சம் சுமாராகச் செய்திருந்தால் வண்டி ஓடியிருக்கும். உங்களுக்குத்தான் சுமாராகச் செய்ய வராதே. வண்டியை எழுப்பியதும் உங்கள் ஈரத்துணி இல்லை. பெட்ரோல் இருக்கிறதா என்று நீங்கள் குச்சி விட்டுப் பார்த்தீர்களே, அதுதான். மூடியைத் திறந்தீர்கள், அது மூச்சு விட்டது. முள்ளைச் சரி பண்ணி, திறக்கிற வேலையே இல்லாமல் செய்துவிட்டு, எனக்கு ஏன் கிளம்பவில்லை என்று நடுரோட்டில் அழுதிருக்கிறேன்.

கடையில் வேறு மூடி வாங்கிவிடலாம் என்றேன். நீங்கள் கடைந்ததில் ஓட்டை போட எனக்கு மனசு வரவில்லை. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"அவரு செஞ்சதுதான் இருக்கணும். குத்து."

"எனக்குக் கை வரலக்கா."

"காது குத்தறதுக்கு இன்னாடா கை வராம? தாய்மாமன் நீதான? மடில வெச்சிக் குத்து."

சிரிக்கத்தான் சொன்னாள். ஆனால் அந்த வீட்டில் காது குத்த ஒரு பிள்ளை வரவில்லை என்பதற்காக எத்தனை கோயில் ஏறி இறங்கினீர்கள், எனக்குத் தெரியாதா? அக்கா உள்ளே போய்ச் சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்தாள். மூடிமேல் ஒரு பொட்டு வைத்தாள். நான் வாசல்படியில் உட்கார்ந்து, மடியில் பலகை வைத்து, பலகைமேல் மூடியை வைத்து, கை ட்ரில்லால் மெதுவாகச் சுற்றினேன். சன்னமான ஓட்டை. பித்தளைச் சுருள் பொன் மாதிரி மடியில் விழுந்தது. அக்கா அதில் ஒன்றை எடுத்துக் காதோடு வைத்துப் பார்த்துக்கொண்டாள். அப்புறம்தான் அழுதாள். நீங்கள் போன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

சனிக்கிழமை ஷிப்ட் விடுகிற நேரத்துக்குப் போய்ச் சேருகிற மாதிரிக் கிளம்பினோம். ஆம், கிளம்பினோம். அக்கா முன் சீட்டில். துணிக்கூரையை மடித்துவிடச் சொன்னதும் அவள்தான். "நாலு பேரு பாப்பாங்களேக்கா" என்றேன். "பாக்கட்டும். பஸ்ஸுல போனா மட்டும் பாக்காம கீறாங்களா?" என்றாள். சென்னீர்குப்பம் வந்தது. டீக்கடைக்காரர் பாலை ஏற்றினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வண்டி இருமவில்லை. கடை பின்னால் போய்விட்டது. கரையான்சாவடி, பூந்தமல்லி, அப்புறம் நெடுஞ்சாலை. லாரிகளுக்கு நடுவில் அக்காவின் முந்தானை கொடி மாதிரிப் பறக்கிறது.

பட்டறை கேட் முன்னால் ஹாரனை நான் அடிக்கவில்லை. அக்கா கையை நீட்டி அவளே அடித்தாள், விடாமல் அடித்தாள். உங்கள் ஆட்கள் எண்ணெய்க் கையோடு ஓடி வந்தார்கள். ஒருவர் பின்பக்கம் போய் மூடியைத் தடவிப் பார்த்தார். "நம்ம லேத்துல கடஞ்சது" என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும்போதும் ஒரு குறையில்லை. சென்னீர்குப்பம் நெருங்கியபோது அக்கா என் கையைத் தட்டினாள்.

"நிறுத்து."

"நிக்காம வரணும்னு சொன்னது நீதானக்கா?"

"வண்டி நிக்கக் கூடாதுன்னேன். நாம நிக்கலாம்."

டீக்கடை முன்னால் நிறுத்தினேன். அவள் இறங்கினாள். ஓரத்தில் குனிந்து ஒரு வேப்பங்குச்சியைத் தேடி எடுத்தாள். மூடியைத் திருகி, குச்சியை உள்ளே விட்டு, எடுத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கீது மச்சான்," என்றாள். "பெட்ரோல் கீது."

என்னை அவள் ஒருநாளும் மச்சான் என்று கூப்பிட்டதில்லை. நானும் திருத்தவில்லை. மூன்று டீ சொன்னாள்.

வானகரத்துக்காரர் நேற்று போன் பண்ணினார். "வண்டி வெளிய போயிருக்கு" என்று சொல்லி அக்கா வைத்துவிட்டாள். கிரைண்டருக்குச் சமையல்கட்டுக்குப் பின்னாலேயே இடம் இருக்கிறதாம், இப்போதுதான் கண்ணில் பட்டதாம்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன் மாமா. ஓட்டை போட்டாகிவிட்டது, இனி பெட்ரோல் போடுவதற்குத் தவிர அந்த மூடியைத் திறக்க அவசியமே இல்லை, முள்ளும் பொய் சொல்வதில்லை. ஆனாலும் அந்த வழியாக எப்போது போனாலும் சென்னீர்குப்பத்தில் நிறுத்துவோம், திறப்போம், குச்சி விட்டுப் பார்ப்போம். இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவோம்.

உங்கள் மச்சான்,
நம் வண்டிக்குத் தாய்மாமன்,
குமார்