பெரிய வெள்ளிக்கிழமை பூசை

மாதா காவலில் இருக்கும் என் மகனுக்கு,

போலீஸ் ஏட்டு சொல்லச் சொல்ல நான் எழுதின கடுதாசி வந்திருக்கும். "உன் அம்மா ஆத்துமத்துக்குப் பெரிய வெள்ளிக்கிழமை பூசை, கட்டாயம் வா"ன்னு எழுதினேன். அன்னிக்கு எந்தக் கோயில்லயும் பூசை கிடையாதுன்னு ஏட்டுக்குத் தெரியல. பீடத்துல மணியடிச்ச பிள்ளை, உனக்குத் தெரியும். பொய் எழுதினதைச் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கிறேன். நீ வந்துடாதே.

கூலிச் சண்டையில உன்மேல போட்ட வாரண்டோட போலீஸ்காரங்க வாசல்லயே உட்கார்ந்திருக்காங்க. செபமாலை சொல்லக்கூட நான் தனியாப் போக முடியல. இந்தக் கடுதாசி மீன்காரி கூடையில வருது.

உன் அம்மாவைக் குழியில இறக்குறப்ப, "பெத்த புள்ள இல்லாம என்ன அடக்கம் சாமி"ன்னு அழுதேன். "ஆண்டவர் கையில ஒப்படைக்கிறதுதாம்மா அடக்கம். அவன் இருக்கிற இடத்துலேருந்தே ஒப்படைக்கலாம்"னார் சாமியார்.

உனக்காக ரெண்டாவது பிடி மண்ணும் நானே போட்டேன். "அது யாருக்கு?"ன்னார் ஏட்டு. சிலுவை போட்டுக்கிட்டேன்.

உனக்காக வேண்டிக்கிற
பெரியம்மா