ரேடியோ வாயை மூடிய வாரங்கள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று என் பெண்டாட்டி என்னைப் பார்த்து வாந்தியெடுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள், தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள். இது புதுசு. பட்டறையிலிருந்து வந்து வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "தின்னர் நாத்தம்... தள்ளிப் போங்க!" என்று வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். எதிர்வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கையால் ஏதோ சைகை காட்டினேன். என்ன காட்டினேன் என்று எனக்கே தெரியாது.

வண்டிக்குப் பெயின்ட் அடிக்கிறவன் மேல் பன்னீரா மணக்கும்? இத்தனை வருடம் நாறாதவன் இன்றைக்கு எப்படி நாறினேன்?

மார்ச் 6, வியாழன்

கேட்டதற்கு, "மத்தியானம் சாப்பிட்டது சேரல" என்றாள். அதையேதான் நானும் டப்பாவில் கொண்டுபோனேன். எனக்குச் சேர்ந்ததே.

மார்ச் 9, ஞாயிறு

காபியை நிறுத்திவிட்டாள். காபி உள்ளே போகாமல் யாருக்கும் முகம் கொடுக்காதவள்! விளக்கு வைக்கும் நேரத்துக்கே சுருண்டு படுத்துக்கொள்கிறாள். காலையில் எழுந்ததும் தலையணைக்கு அடியிலிருந்து காய்ந்த பிஸ்கட்டை எடுத்துத் தின்கிறாள். எனக்கு ஒன்று நீட்டவில்லை.

மூன்றாவது படிக்கும் மகளிடம் மெதுவாக விசாரித்தேன். "அம்மாவுக்கு என்னடா ஆச்சு?"

"அப்பா, நீங்கதானே ஏதோ பண்ணியிருக்கீங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். வீட்டில் எனக்கு ஆளில்லை.

மார்ச் 12, புதன்

சமையலறையில் தன் தங்கையோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். "அவருக்கு இப்ப தெரிய வேண்டாம்டி. தெரிஞ்சா அவ்வளவுதான். நேரம் வர்றப்ப நானே சொல்லிக்கிறேன்."

இருமினேன். "சரி வைக்கிறேன், துணி காயப்போடணும்" என்றாள். துணியெல்லாம் காய்ந்து, மடித்து, பீரோவுக்குள் போய்விட்டது.

எதைச் சொல்ல நேரம் வரணும்? என்னை விட்டுட்டுப் போறாளா? ஏன் போகணும் — குடி இல்ல, சீட்டு இல்ல. வாய் ஒண்ணுதான் கொஞ்சம் நீளம். பட்டறையில் எனக்கு 'ரேடியோ' என்றுதான் பேர். அதுக்குப் போய் ஒருத்தி புருஷனை விட்டுட்டுப் போவாளா?

இல்ல, உடம்புக்கு ஏதாவது பெருசா? அதுக்கு அவ விட்டுட்டுப் போறதே பரவாயில்லை, கடவுளே.

மார்ச் 15, சனி

அவள் படுத்திருந்தாள். உலை வைக்கலாம் என்று அரிசி டப்பாவில் கைவிட்டேன். அடியில் ஒரு மாத்திரை அட்டை.

சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடினேன். கடைக்காரர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "யாருக்கு?"

"ஒரு... தெரிஞ்சவங்களுக்கு."

"ஃபோலிக் ஆசிட். முழுகாம இருக்கிறவங்க ஆரம்பத்துல சாப்பிடுறது. அந்தத் தெரிஞ்சவங்க வீட்டுக்காரர் நீங்கதானா?"

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவரே தண்ணீர் கொடுத்தார். மகள் சமயத்தில் இதெல்லாம் என் மாமியார் பார்த்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் தெரியாது. என்ன செய்யணும் என்று கேட்டேன்.

"குமட்டலும் அசதியும் இருக்கும், பெரும்பாலும் மூணு மாசத்துக்கு மேல குறையும். கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி சாப்பிடட்டும். தலைவலின்னு நீங்களா எந்த மாத்திரையும் வாங்கிக் குடுக்காதீங்க, டாக்டரைக் கேளுங்க. ரத்தம் பட்டாலோ, வயிறு ரொம்ப வலிச்சாலோ, தண்ணிகூட வயித்துல தங்கலைன்னாலோ யோசிக்காம ஆஸ்பத்திரி." மூக்கைச் சுருக்கினார். "முக்கியமா, இந்த பெயின்ட் வாடையை வீட்டுக்குக் கொண்டுபோகாதீங்க."

மகள் சொன்னது சரி. நான்தான் பண்ணியிருக்கிறேன்.

ஏன் மறைத்தாள் என்று வழியெல்லாம் யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. மகளுக்கு அப்புறம் ஒரு தடவை உண்டானாள்; தெரிந்த அன்றே பட்டறை, பால்காரர், பஸ் கண்டக்டர் வரைக்கும் ஒலிபரப்பினேன். மூன்றாம் மாதம், ஸ்கேனில் துடிப்பில்லை என்றார்கள். அதற்கப்புறமும் பார்க்கிறவர்களெல்லாம் "இப்ப எத்தனை மாசம்?" என்று கேட்டார்கள். என்னையில்லை. அவளை.

அட்டையை இருந்த இடத்தில், இருந்த ஆழத்திலேயே புதைத்துவிட்டேன்.

மார்ச் 21, வெள்ளி

பட்டறைக் குழாயடியிலேயே சோப்புப் போட்டுக் குளித்து, வேறு துணி மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருகிறேன். வேலைத்துணியையும் அங்கேயே துவைத்துப் போடுகிறேன். அது சுலபம். வாயை மூடுவதுதான் வேலை.

"என்ன ரேடியோ, சத்தத்தையே காணோம்? பேட்டரி போச்சா?" என்றான் வெல்டர். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. உப்புத்தாளை எடுத்து, ஏற்கெனவே தேய்த்த கார் கதவையே மறுபடி தேய்த்தேன். தகரம் தெரிந்துவிட்டது. முதலாளி என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 24, திங்கள்

தண்ணீர் வாளியை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். "என்ன திடீர்னு?" என்றாள். "சும்மா." அவள் பார்வையே சரியில்லை.

மார்ச் 27, வியாழன்

இப்போது அவளுக்குச் சந்தேகம்!

என் காலரை முகர்ந்தாள். "தினமும் எங்க குளிச்சிட்டு வர்றீங்க?"

"பட்டறையில."

"இத்தனை வருஷமா அங்க குழாய் இல்லையா? புது சோப்பு. வாயில பேச்சில்ல. கேக்காமலே வாளி தூக்குறீங்க. யாரு அவ?"

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அவள் கண் நிறைந்துவிட்டது. ஒரு வார்த்தையில் தீர்த்துவிடலாம். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியவள் அவள். வெல்டருக்கு ஃபோன் போட்டு, "நான் எங்க குளிக்கிறேன்னு இவகிட்ட சொல்லுடா" என்று அவள் கையில் கொடுத்தேன்.

"அக்கா, இவன் குழாயைப் பிடிச்சா விடமாட்டேங்கிறான். நாங்க கை கழுவ வரிசையில நிக்கிறோம். நீங்களே கேளுங்க!"

ஃபோனை வைத்தாள். "எதுக்கு இதெல்லாம்?"

"நீதானே நாத்தம்னு ஓடின."

"அதுக்காகவா?"

"அதுக்காகத்தான்."

அப்புறம் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் எடுத்து நீட்டினாள்.

ஏப்ரல் 2, புதன்

காலையில், "லீவு போடுங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட வாங்க. தனியா அந்த ரூமுக்குள்ள போக பயமா இருக்கு" என்றாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். வாயைப் பிளந்தேன். ஓரளவு நன்றாகவே பிளந்தேன் என்று நினைக்கிறேன்.

ஸ்கேன் அறையில் அவள் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் பார்த்தேன். பயறளவு வெளிச்சம், படபடவென்று. "துடிப்பு நல்லா இருக்கு" என்றார் டாக்டர். என் விரலை நெரித்தே விட்டாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும், "உங்ககிட்ட மறைச்சதுக்குக் கோபமா?" என்றாள்.

"சேச்சே."

"இன்னும் கொஞ்ச நாள் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. என்னால மறுபடி எல்லாருக்கும் பதில் சொல்ல முடியாது. உங்களால முடியாதுன்னு தெரியும்... இருந்தாலும்."

அரிசி டப்பா, மருந்துக்கடை, கார் கதவு — எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றன.

"முயற்சி பண்றேன்" என்றேன்.

இத்தனை நாளும் முடிந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை.