கிடைக்கு எத்தனை உருப்படி?

சங்கரன்கோவில்,
ஆகஸ்ட் 11.

அன்புள்ள ஈஸ்வரிக்கு,

நீயும் உன் குளிர்ந்த கடலும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான், நம் மகள் சுபலட்சுமி, உன் அப்பா, அம்மா எல்லோரும் சௌக்கியம். ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டம் வடிந்துவிட்டது. ரத வீதியில் இப்போதுதான் பைக்கை இறங்காமல் ஓட்ட முடிகிறது.

நீ எழுதிய ஆறு பக்கத்தையும் மூன்று முறை படித்தேன். அக்டோபர் பதினெட்டில் ஊருக்கு வந்துவிடுகிறேன் என்ற வரியை எத்தனை முறை படித்தேன் என்று சொல்லமாட்டேன், நீ கேலி செய்வாய். இரண்டு வருஷம் ஓடிவிட்டது, ஈஸ்வரி! மாடி அறைக்கு வெள்ளையடித்துவிட்டேன். உன் புத்தகங்களுக்கு மரப்பீரோ ஒன்று சொல்லியிருக்கிறேன். கல்லூரியில் உனக்குத் தருவதாகச் சொன்ன வேலையை அக்டோபர் கடைசி வரைக்கும் வைத்திருப்பார்களாம். உன் அப்பா நேரிலேயே போய்க் கேட்டுவிட்டு வந்து, அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

உன் ஆராய்ச்சியை எனக்குப் புரிந்தவரை சொல்லுகிறேன், தப்பிருந்தால் தலையில் குட்டு. டாஸ்மேனியாவில் கடலுக்கடியில் பாறை. பாறைமேல் ஆளுயரத்துக்குக் கடற்பாசிக் காடு. அந்தக் காட்டை மேய்கிறது முள் உருண்டை மாதிரி ஒரு பிராணி, கடல் முள்ளெலி. தண்ணீர் சூடேற ஏற அது வடக்கே இருந்து தெற்கே இறங்கி வந்து, பாசியை வேரோடு மென்று, பாறையை மொட்டையடித்துவிட்டது. மேய ஒன்றும் இல்லாவிட்டாலும் சாகாமல் அங்கேயே பட்டினி கிடக்குமாம். எனக்குத் தெரிந்து எந்த ஆடும் இவ்வளவு பிடிவாதம் பிடிக்காது.

அப்புறம் ஒரு வரி எழுதியிருந்தாய் பார், "உங்களுக்குப் புரியுத மாதிரி சொல்லுதேன், பாறையில இருபது கிடை போட்டிருக்கேன்" என்று! எனக்குப் புல்லரித்துப்போனது. வயலுக்கு உரமேற ராத்திரி ஆட்டை அடைத்துக் கிடை போட்டுப் பிழைத்த வீட்டில் பிறந்தவன் நான். கால்நடை ஆஸ்பத்திரியில் ஆய்வாளராக உட்கார்ந்திருந்தாலும் ரத்தம் போகுமா? அன்றைக்கே கடிதத்தோடு இளையரசனேந்தலுக்கு, அக்கா வீட்டுக்கு விட்டேன் வண்டியை.

தங்கத்தாய் அக்கா ஆட்டுக்கு மருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். வாசித்துக் காட்டினேன். முதலில், அது புழுக்கை போடுமா, பாறைக்கு உரம் ஏறுமா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அடுத்து அவள் கேட்டதுதான் விஷயம். "ஏலே துரை, கிடைக்கு எத்தனை உருப்படி அடைச்சிருக்கா? அத எழுதாம என்ன கடுதாசி எழுதுதா ஒம் பொண்டாட்டி?" என்றாள். நானும் ஆறு பக்கத்தையும் புரட்டிப் பார்த்தேன், நீ எழுதவேயில்லை. இங்கே எத்தனை உருப்படி ஆடு, எத்தனை நாள் என்று பேசாமல் யாரும் கிடை மறிக்கமாட்டார்கள். கோயில் ஆபீஸ் உத்தியோகஸ்தர் வீட்டுப் பெண்ணுக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது! இந்தக் கடிதத்தைப் படமெடுத்துப் போனிலேயே அனுப்புகிறேன், மறக்காமல் பதில் எழுது. அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள்.

கடைசிப் பக்கத்தில் சோர்ந்துபோய் எழுதியிருந்தாய். கிடைக்கு வெளியே மொட்டை, உள்ளே பாசி, இது எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததுதான், நான் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை என்று. அதற்காக வருத்தப்படாதே. முடித்துவிட்டு வா. நீ வந்தால் போதும்.

வழிமேல் கண் வைத்திருக்கும்,
இசக்கித்துரை.


சங்கரன்கோவில்,
ஆகஸ்ட் 23.

அன்புள்ள ஈஸ்வரிக்கு,

உன் மூச்சும் உன் காற்று சிலிண்டரும் குறைவில்லாமல் இருக்கட்டும். பேனா ஓட மறுக்கிறது, கை அவ்வளவு அவசரப்படுகிறது. தபால் போய்ச்சேர நாளாகும் என்று இதையும் படமெடுத்துப் போனிலேயே அனுப்புகிறேன், கோழிக்கிறுக்கலை மன்னித்துக்கொள்.

நீ அன்றைக்குப் போன் பண்ணியபோது நான் குருவிகுளம் கால்நடை முகாமில், ஒரு கிடாயின் வாய்க்குள் கையை விட்டிருந்தேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னது என் தப்பு. நீ சிரித்த சிரிப்பை முகாமே கேட்டது. கிடை என்றால் நாங்கள் ஆட்டை உள்ளே அடைப்போம், நீ முள்ளெலியை வெளியே விரட்டத்தான் வலைக்கூண்டு கட்டியிருக்கிறாய், உள்ளே ஒரு உருப்படியும் கிடையாது என்று நீ சொன்னதும் எனக்கு முகம் தொங்கிவிட்டது. ஆடே இல்லாத கிடைக்கு உருப்படிக் கணக்குக் கேட்டு மனுஷன் ஊர் ஊராக அலைந்திருக்கிறேன்!

ஆனால் நீ திடீரென்று பேச்சை நிறுத்தினாயே, அதை நினைத்தால் இப்போதும் சிலிர்க்கிறது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்று கத்தினேன். நீ மெதுவாக, "எத்தனை உருப்படின்னா கேட்டீங்க?" என்றாய். உடனே வைத்துவிட்டாய். நாலு நாள் சத்தமே இல்லை. கோபமோ என்று பயந்துபோனேன்.

அதற்கப்புறம்தான் அந்தப் படமும் உன் நீளமான செய்தியும் வந்தன. புயலில் கிழிந்துபோன கூண்டு. கிழிசல் வழியாக மூன்று முள்ளெலி உள்ளே புகுந்து பல மாதமாக அங்கேயே மேய்ந்துகொண்டிருக்கின்றன. கெட்டுப்போனது என்று நோட்டில் எழுதி, கணக்கில் சேர்க்காமல் நீ தள்ளிவைத்தது. என் கேள்விக்காக மறுபடி முங்கிப் பார்த்திருக்கிறாய். மற்றக் கூண்டுகளில் ஒரே ஜாதிப் பாசி மண்டி மற்றதையெல்லாம் அமுக்கிவிட்டதாம். வெளியே வெறும் பாறை. இந்தக் கிழிந்த ஒன்றில் மட்டும் பதினோரு ஜாதிப் பாசி! செக்கச் சிவந்தது, பச்சை, பழுப்பு, இடையில் முளைத்து நிற்கும் ஆளுயரப் பாசியின் கன்றுகள், நத்தை, விரல் நீள மீன்கள். நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி போன் சூடேறிவிட்டது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நம் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மூன்று வருஷமாக ஒரு மாடும் நுழையாமல் வேலி போட்ட தீவனத் தோட்டம் இருக்கிறதே, ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் முழங்கால் போட்டு உட்கார்ந்து எண்ணினேன். ஊசிப்புல், ஊசிப்புல், எங்கே பார்த்தாலும் ஊசிப்புல். வேலிக்கு வெளியே எப்போதாவது இரண்டு ஆடு கடித்துப் போகிற ஓரத்தில் ஒன்பது விதம். வாட்ச்மேன் முகம்மது ஹுசைன் நான் மோதிரத்தைத் தொலைத்துவிட்டேன் என்று நினைத்துக் கூடவே தேட ஆரம்பித்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். அண்ணாச்சிக்கு வெயில் ஏறிப்போச்சு என்று டீ வாங்கிக் கொடுத்தார்.

அக்காவிடமும் சொன்னேன். மூணு உருப்படிக்கு ஒரு கிடையா, காவலுக்குக் கூலி கட்டுமா என்று கேட்கிறாள். அவளை விடு.

ஒரு கூண்டை வைத்துக்கொண்டு எதுவும் சொல்லக் கூடாது என்று நீ சொன்னது எனக்குப் புரிகிறது. ஒன்று, மூன்று, ஆறு, பத்து என்று எண்ணி உள்ளே விட்டு, வலையைப் பழுதுபார்த்து, ஒரு வருஷம் பார்த்தால்தான் கடலுக்கு எத்தனை தாங்கும் என்று தெரியும். மொட்டையான பாறையில் முள்ளெலியை ஒட்டுமொத்தமாக எடுக்க வேண்டுமா, இத்தனை விட்டுவைத்தால் போதுமா என்று அங்கத்திய மீனவர்கள் உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்றாய். உங்கள் பேராசிரியர் ஒரு வருஷம் நீட்டித்துத் தர ஒப்புக்கொண்டார், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கூண்டுகளைக் கழற்றிவிடுவார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "நீங்க என்ன சொல்லுதீங்களோ அதுதான்" என்று பாரத்தை என் தலையில் இறக்கிவிட்டாய். கெட்டிக்காரிதான் நீ.

மறைக்காமல் சொல்லுகிறேன். உன் அப்பாவுக்குக் கோபம். அந்த வேலை போனால் போனதுதான், ஊரில் நாலு பேர் கேட்டால் என்ன சொல்ல என்கிறார். என் முகத்தைப் பார்த்துப் பேசி மூன்று நாள் ஆகிறது. சுபலட்சுமியிடம் நானே சொன்னேன். அழுதாள். பள்ளிக்கூட உடுப்பைக் கழற்றாமல் அப்படியே படுத்துவிட்டாள், ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் காலையில், அம்மாவோட மூணு பூச்சிக்கும் நான் பேர் வைக்கலாமா என்று கேட்டாள். பூச்சி இல்லை, முள்ளெலி என்று திருத்தினேன். அவளை நான் பார்த்துக்கொள்வேன். சடை பின்ன இப்போது நன்றாகவே வருகிறது, வகிடு மட்டும்தான் கோணும்.

என் பதில் இதுதான். இரு. அந்தக் கிழிந்த கூண்டை மறுபடி தள்ளிவைத்துவிட்டு வந்தால் நீ இங்கே வகுப்பெடுப்பாய், சமைப்பாய், சிரிப்பாய், ஆனால் பாதி மனசு அந்தப் பாறையில்தான் கிடக்கும். எனக்கு முழுசாக வேண்டும். வேலை இன்னொன்று வரும். வராவிட்டாலும் இரு.

கோமதியம்மன் உனக்குத் துணையிருப்பாள். தண்ணீருக்குள் தனியாக இறங்காதே, காது வலித்தால் மேலே வந்துவிடு.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை நீ அவர்களிடம் சம்மதம் சொல்லி முடிக்கும் வரைக்கும் எனக்குப் போன் பண்ணாதே. எழுத்தில் என்னால் இவ்வளவு தைரியமாக இருக்க முடிகிறது. உன் குரலைக் கேட்டால், வந்துவிடு ஈஸ்வரி என்று சொல்லிவிடுவேன்.

உன்,
துரை.