அக்கா கொண்டுவந்த கஞ்சி

இன்று காலை உங்கள் அக்கா குப்பனூரிலிருந்து பஸ் ஏறி ஏற்காடு வந்தார். எனக்குக் காய்ச்சல் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பையிலிருந்து தன் பழைய பச்சை பிளாஸ்கை எடுத்துத் திறந்தார். சாமைக் கஞ்சியும் சீரகமும் கலந்த வாசனை வந்ததும் மனசு உங்களைத் தேடிக்கொண்டு சேலம் ஆஸ்பத்திரிக்கே போய்விட்டது.

எஸ்டேட்டில் ஆட்களைக் காப்பி பறிக்க அனுப்பிவிட்டு நின்ற உங்களுக்கு வாய் கோணி, வலது கை விழுந்தது. பக்கவாதம் என்றார்கள். விழுங்க முடிகிறதா என்று சோதித்துப் பார்க்கும்வரை வாயில் எதுவும் ஊற்றக்கூடாது, நீராக இருப்பது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னார். நம் மலையிலோ படுத்தவரைப் பார்க்க வெறுங்கையோடு போனால் மரியாதையில்லை. அதுவும் நீர்க்கக் கரைத்த கஞ்சிதான் கொண்டுபோக வேண்டும்.

நான் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பியபோது அக்கா உங்களுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்.

“தண்ணியாத்தான் கரைச்சிருக்கறேன் கண்ணு, தானா எறங்கீரும்” என்றார்.

அதற்குள் உங்களுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. மறுநாள் காய்ச்சல், நெஞ்செல்லாம் சளி. கட்டிலைத் தலைப்பக்கம் உயர்த்தினார்கள், ஊசி போட்டார்கள். முதுகு புண்ணாகாமலிருக்க நானும் நர்சும் உங்களைப் புரட்டிப் புரட்டிப் படுக்க வைத்தோம்.

“ஏனுங்க, நான் ஆக்கிப் போட்டதெல்லாம் இங்கதான் இருக்குதுங்களா?” என்று உங்கள் கனத்தைத் திட்டினேன். பாதி வாயால் சிரித்தீர்கள். அந்தப் பாதிச் சிரிப்பைப் பார்க்க இப்போது கிடந்து ஏங்குகிறேன்.

கஞ்சியால்தானா என்று டாக்டரைக் கேட்டேன். இருக்கலாம், எச்சில் உள்ளே போனாலும் இப்படி ஆகும் என்றார். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அக்காவை நிற்கவைத்து நாலு வார்த்தை கேட்கிறேன் என்று கிளம்பினேன். நீங்கள் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள்.

“அக்கா... கிட்ட... சொல்லாத புள்ள” என்று குழறினீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் எதுவும் பேசவில்லை. அந்தக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

இன்று கஞ்சியை டம்ளரில் ஊற்றிக்கொண்டே அக்கா சொன்னார்: “எந்தம்பி கடைசியா வாயில வெச்சது நாங் குடுத்த கஞ்சிதான் சாமி. அந்த நெனப்புலதான் நா இருக்கறேன்.”

“ஆமாங்க அண்ணி, நொம்ப ஆசையாக் குடிச்சாருங்க” என்றேன்.

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. உயிரோடு இருந்தபோது நீங்கள் சொன்ன எதை நான் இப்படிக் கேட்டிருக்கிறேன்?